பெனின் பஞ்சும் வீரபாண்டி முத்துப்பேச்சியும்

நான் எடுத்த புகைப்படத்தில் ஒரு பாக்குக் கவர் கிடந்தது. அதை நான் கவனிக்கவில்லை. மதுரையில் உட்கார்ந்து பக்கம் போட்டவர்களும் கவனிக்கவில்லை. காலையில் டீக்கடையில் பேப்பரை விரித்தவர்களும் கவனிக்கவில்லை. கவனித்தது ஒரே ஒரு ஆள், வீரபாண்டி முத்துப்பேச்சி.

போன மாதம் மதுரையில் செய்தியாளர்களுக்கு ஒரு பயிலரங்கு நடத்தினார்கள். ‘ஆப்பிரிக்க வர்த்தகத்தை உள்ளூர் மக்களின் பார்வையில் எழுதுவது எப்படி’ என்று தலைப்பு. இருபத்திரண்டு வருடமாகத் தேனி மாவட்டச் செய்திகளை எழுதிவரும் லிங்கேஸ்வரன் பேசுவார் என்று என் பெயரையும் அழைப்பிதழில் போட்டுவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. கோபம் எனக்குச் சட்டென்று வரும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். “கம்பம் பள்ளத்தாக்கைத் தாண்டாதவனை ஆப்பிரிக்கா பத்திப் பேசச் சொல்றீகளே, வெளையாடுறீகளா?” என்று போனில் கத்தினேன். “அந்தப் பஞ்சுக் கட்டுரை எழுதுன கதையைச் சொல்லுங்க, போதும்” என்றார்கள். அதைச் சொல்ல வேண்டுமென்றால் அதற்கு முன்னால் நான் எழுதித் தொலைத்த இன்னொரு கட்டுரையையும் சொல்ல வேண்டும். அது அவமானம். முத்துப்பேச்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது சந்தோஷம். சந்தோஷத்துக்காகச் சம்மதித்தேன். அங்கே அரை மணி நேரத்தில் அவசரமாகச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

முத்துப்பேச்சி பிறந்தது பொட்டிப்புரத்தில். பூமிக்கு அடியில் ஆய்வுக்கூடம் வரப்போகிறது என்று ஒரு காலத்தில் நாங்களெல்லாம் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினோமே, அதே பொட்டிப்புரம்தான். மலையைப் படமெடுத்தோம். அதிகாரிகளிடம் பேசினோம், எதிர்த்தவர்களிடம் பேசினோம். அந்த மலையடியில் சோளமும் மொச்சையும் போட்டுக்கொண்டிருந்த தன் அப்பாவிடம் ஒரு பத்திரிகைக்காரரும் வாய் திறக்கவில்லை என்று பிற்பாடு ஒருநாள் முத்துப்பேச்சி சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

பத்தொன்பது வயதில் வீரபாண்டிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கணவர் முத்துப்பாண்டி வாழைத்தார் வெட்டப் போகிறவர். வெட்டு இருந்தால் வேலை, இல்லாவிட்டால் வீடு. அதனால் முத்துப்பேச்சி ஜீப்புக்குப் போனார். எங்கள் பக்கத்தில் ‘ஜீப்புக்குப் போறாக’ என்றால் கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறார்கள் என்று அர்த்தம். விடியுமுன்னே போடியில் ஒரு ஜீப்பில் பதினெட்டுப் பெண்களை அடைத்து மலையேற்றிவிடுவார்கள். உள்ளே உட்கார்ந்தவள் பாக்கியசாலி, பின்னால் தொங்குகிறவள் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். பதினோரு வருடம் அப்படிப் போய் வந்தார். ஒரு மழைநாளில் போடிமெட்டுக்குக் கீழே ஒரு வளைவில் ஜீப் உருண்டது. இரண்டு பெண்கள் அங்கேயே போய்விட்டார்கள். முத்துப்பேச்சிக்கு இடது தோள்பட்டை எலும்பு முறிந்தது. கட்டு பிரித்த பிறகும் அந்தக் கை தோளுக்கு மேலே எழும்பவில்லை, இன்றைக்கும் எழும்பாது. அந்தச் செய்தியையும் நான்தான் எழுதியிருக்கிறேன். ‘ஜீப் கவிழ்ந்து இருவர் பலி, ஒன்பது பேர் காயம்.’ ஒன்பது பேரில் ஒருவரின் பெயரைக்கூடக் கேட்டு எழுதவில்லை.

அதன் பிறகுதான் ஆண்டிபட்டி சாலையில் இருக்கும் ஒரு நூற்பாலையில் வேலை கிடைத்தது. வீரபாண்டி பைபாஸுக்கே மில் பஸ் வந்து ஏற்றிக்கொள்ளும். வேலை, பஞ்சில் தூசி பொறுக்குவது. லாரியில் பஞ்சுப் பேல்கள், அதாவது இறுக்கிக் கட்டிய பொதிகள், வரும். பாதி நம் நாட்டுப் பஞ்சு, பாதி தூத்துக்குடி துறைமுகம் வழியாக ஆப்பிரிக்காவிலிருந்து, அதிலும் அதிகம் பெனின் என்ற நாட்டிலிருந்து. பேலைப் பிரித்துக் கம்பிவலை போட்ட மேசையில் பரப்பி, முப்பத்திரண்டு பெண்கள் நின்று அதிலிருக்கும் முடி, நூல், சாக்கு நார், துணித்துண்டு எல்லாவற்றையும் கையால் பொறுக்குவார்கள். ஒரு சிவப்பு நூல் தப்பித்து உள்ளே போனால் போதும், நூலாகி, துணியாகி, எங்கோ ஒரு வெள்ளைச் சட்டையில் சிவப்புப் புள்ளியாக வந்து நிற்கும். துணிக்காரன் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிடுவான். மேசை இடுப்பு உயரம்தான். எழும்பாத கையை வைத்துக்கொண்டே செய்யலாம். “அந்த மேசையைப் பாத்ததும் கௌமாரியம்மனைக் கும்பிட்டேண்ணே” என்றார் என்னிடம். நான் அவரைப் பார்த்தபோது அங்கே ஏழு வருடம் ஆகியிருந்தது. அந்த வேலை போனால் அவருக்கு மறுபடியும் ஜீப்தான், வேறு வழியில்லை.

அந்த வேலையைத்தான் நான் கெடுத்தேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த மில்லில் ஒரு ரத்ததான முகாம். செய்திக்காகப் போயிருந்தேன். திரும்பும்போது மூலையில் ஒரு குப்பைக் குவியலைப் பார்த்தேன். மேனேஜர் சுருளிராஜனிடம் கேட்டேன். “ஆப்பிரிக்கப் பஞ்சு வருதா?” “வருது.” “பஞ்சுல குப்பை இருக்கா?” “பஞ்சுன்னா குப்பை இருக்கத்தான செய்யும்.” இரண்டு பதிலும் உண்மை. இரண்டையும் ஒட்டவைத்தது நான். ஒரு படம் எடுத்தேன். நூற்பாலைச் சங்கத்துக்காரர் ஒருவர் போனில் கொட்டித் தீர்த்த ஆதங்கத்தை நாலு பத்தியாக்கினேன். நாலு மணிக்குள் அனுப்ப வேண்டும், மூன்று ஐம்பதுக்கு அனுப்பிவிட்டேன். ‘ஆப்பிரிக்கப் பஞ்சில் குப்பை மலை: தேனி நூற்பாலைகள் தவிப்பு’ என்று மறுநாள் கால்பக்கத்துக்கு வந்தது. பெருமையாக எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். என் மனைவிகூட “ஆப்பிரிக்கா வரைக்கும் போயிட்டீக” என்றாள். கேலி என்று அப்போது உறைக்கவில்லை.

நாலாம் நாள் அந்தக் கட்டுரையைத் திருப்பூரில் நூல் வாங்கும் கம்பெனி ஒன்று மில்லுக்கு அனுப்பி, ‘இந்தப் பஞ்சில் நூற்ற நூல் எங்களுக்கு வேண்டாம்’ என்று சொல்லிவிட்டது. மில் பெனின் பஞ்சை நிறுத்தியது. குப்பை கண்டுபிடிக்கும் மெஷின் ஒன்று வாங்கலாமா என்று யோசனை செய்ய ஆரம்பித்தது. முடிவாகும் வரைக்கும் பொறுக்கும் பெண்கள் முப்பத்திரண்டு பேரும் வீட்டில் இருங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

இது எதுவும் எனக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கும் என் மாடி ஆபீஸில் தனியாக இருந்தேன். படியேறி ஒரு பெண் வந்தார். கையில் நாலாக மடித்த பேப்பர். நாற்பது வயதிருக்கும். இடது கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தார்.

“இதை எழுதுனது நீங்கதானா சார்?”

“ஆமா. அதுக்கென்ன?”

“படம் எடுத்ததும் நீங்கதானா?”

“நான்தான்மா. வெவரத்தைச் சொல்லுங்க, எனக்கு வேலை கெடக்கு.”

அவர் பேப்பரை விரித்து, படத்தில் ஒரு மூலையில் விரலை வைத்தார். “இங்கன ஒரு பாக்குக் கவரு கெடக்கு பாருங்க. பச்சைக் கவரு. அதுல தமிழ்ல எழுதிருக்கும். எனக்குத் தெரியும், ஏன்னா அதைப் பொறுக்கிப் போட்டதே நான்தான். பெனின்ல தமிழ்ப் பாக்கு விக்கிதா சார்?”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. தப்பு நம் பக்கம் இருக்குமோ என்று சந்தேகம் வரும்போது வருகிற கோபம் தனி ரகம். “ஒரு கவரை வச்சுக்கிட்டுக் கட்டுரையே தப்புன்னு சொல்ல வந்துட்டீகளா?” என்றேன். அவர் குரலை உயர்த்தவில்லை. “ஒரு கவரு இல்ல சார். அந்தக் குமியலே நம்ம நாட்டுப் பஞ்சுல வந்தது. விருதுநகர்ப் பக்கத்துப் பேலு. நீங்க அன்னைக்கு எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லிருப்போம். முப்பத்திரண்டு பேரு அங்கனதான் நின்னோம்.”

கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்து பெரிதாக்கினேன். பச்சைக் கவர் இருந்தது. இன்னும் பெரிதாக்கினேன். எழுத்து தெரிந்தது. ‘போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்’ என்று போட்டிருந்தது. அதைப் படித்ததும் நான் நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். அந்தப் பெண் சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. மில்லில் நடந்ததைச் சொன்னார். தன் பேரைச் சொன்னார். “எனக்கு இந்த வேலை வேணும் சார்” என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

அவர் நினைத்திருந்தால் எங்கள் மதுரை ஆபீஸுக்கு ஒரு புகார் எழுதிப் போட்டிருக்கலாம். என் வேலை அன்றைக்கே போயிருக்கும். ஊர்ப்பெண்கள் முப்பது பேரோடு வந்து ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருக்கலாம், மற்ற பத்திரிகைக்காரர்கள் ஆசை ஆசையாகப் படமெடுத்திருப்பார்கள். அவர் தனியாக வந்தார், என்னிடம் வந்தார். அந்த நன்றியை நான் உயிருள்ள வரைக்கும் மறக்க மாட்டேன்.

“திருத்தம் போடச் சொல்றேன்” என்றேன். “அது எங்கன போடுவீக?” என்று கேட்டார். “ஆறாம் பக்கம், கீழே, சின்னதா.” முத்துப்பேச்சி பேப்பரை மடித்தார். “திருப்பூர்க்காரரு ஆறாம் பக்கம் படிப்பாராண்ணே?” ‘சார்’ போய் ‘அண்ணே’ வந்தது அந்த இடத்தில்தான்.

அடுத்த நாள் சுருளிராஜனைப் போய்ப் பார்த்தேன். என் மேல் எரிச்சலில் இருந்தார், நியாயம்தான். ஆனால் நல்ல மனுஷன். மிச்சமிருந்த பெனின் பேல் ஒன்று, நம் நாட்டுப் பேல் ஒன்று, ஒரே அளவு பஞ்சை எடுத்துப் பொறுக்கிப் பார்க்கலாம் என்று சொன்னதும் ஒத்துக்கொண்டார். “நாளைக்கே வரச்சொல்லுங்க” என்றார். முத்துப்பேச்சிக்குப் போன் போட்டால் பகல் முழுவதும் தொடர்பு எல்லைக்கு வெளியே. மாலை ஏழு மணிக்கு மேல்தான் எடுத்தார். “ஞாயித்துக்கிழமை வரவாண்ணே? மத்த நாள்ல தோதுப்படாது” என்றார். வேலையில்லாமல் வீட்டில் இருப்பவருக்கு என்ன தோது என்று எனக்குக் கடுப்பாக இருந்தது. இவருக்காகத்தானே நான் அலைகிறேன் என்றும் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முத்துப்பேச்சியும் அவருடன் மேசையில் நிற்கும் நாகஜோதியும் வந்தார்கள். தலைமுடி ஒன்றுகூடப் பஞ்சில் விழுந்துவிடாமல் குல்லாவைக் காது வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார்கள். இரண்டு தட்டு வைத்தோம். இரண்டரை மணி நேரம் பொறுக்கினார்கள். நானும் பொறுக்கிப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் எனக்குக் கண் பூத்துப்போனது. நான் பார்த்து முடித்த இடத்தில் முத்துப்பேச்சி மறுபடி கைவைத்து நாலு முடியை எடுத்தார். நம் நாட்டுத் தட்டில் பாக்குக் கவர், ஷாம்பு பாக்கெட், பீடித் துண்டு, சாக்கு நார், பெண்களின் நீள முடி. பெனின் தட்டில் பூப்போட்ட துணிக் கிழிசல்கள், நைலான் கயிற்று நூல், இரண்டு கோழி இறகு. எடை போட்டோம். நம்முடையது அவர்களுடையதைப் போல மூன்று மடங்கு இருந்தது. சுருளிராஜன் இரண்டு தரம் எடை போடச் சொன்னார், இரண்டு தரமும் அதேதான்.

கிளம்பும்போது முத்துப்பேச்சி டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு துணி முடிச்சை எடுத்துக் காட்டினார். மஞ்சளும் நீலமுமாகப் பூப்போட்ட துணியின் முந்தி. அவிழ்த்தால் உள்ளே ஒரு சின்னச் சாவி. ஐந்தாறு மாதத்துக்கு முன்னால் பெனின் பேலில் கிடைத்ததாம்.

“இது கெடைச்சன்னைக்கு இவ பண்ணுன ரகளை இருக்கே” என்று நாகஜோதியைக் காட்டினார்.

“பின்னே? கடல் தாண்டி முடிச்சு வருது, உள்ளே இரும்பு இருக்கு. செய்வினைன்னு நெனைக்காம வேறென்ன நெனைக்க?” என்றார் நாகஜோதி. அவர் எலுமிச்சம்பழம் வாங்கிவரச் சொல்லி, அந்த மேசையைச் சுற்றிக் காலால் மிதித்து நசுக்கி, பஞ்செல்லாம் கறையாகி, சுருளிராஜனிடம் எல்லோரும் திட்டு வாங்கியிருக்கிறார்கள். முத்துப்பேச்சிக்கு மட்டும் பயம் வரவில்லை. “நானும் வீட்டுச் சாவியை முந்தானையிலதான் முடிஞ்சுக்குறேன். காட்டுல பஞ்சு எடுக்கையில முந்தி கிழிஞ்சு உள்ளே போயிருச்சு, அம்புட்டுத்தான். அந்தப் பிள்ளை அன்னைக்குச் சாயங்காலம் வீட்டு வாசல்ல வந்து நின்னு என்ன செஞ்சுச்சோ. அண்ணே, நீங்க பேப்பர்க்காரரு. இது யாரு சாவின்னு கேட்டுச் சொல்ல முடியுமா?”

ஆப்பிரிக்காவைப் பற்றிக் கால்பக்கம் எழுதியவன் நான். ஆப்பிரிக்காவில் போன் போட்டுக் கேட்க எனக்கு ஒரு ஆள்கூடக் கிடையாது.

பேலின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் கொட்டை நீக்கிப் பஞ்சு அரைத்த ஆலையின் ஊர்ப்பெயர் இருந்தது. வெளிநாட்டுச் செய்தியாளர்கள் இருக்கும் ஒரு இணையக் குழுவில் என் உடைந்த ஆங்கிலத்தில் உதவி கேட்டு எழுதினேன். ஆறு நாள் கழித்துப் பதில் வந்தது. பெனினின் வடக்கே அந்த ஊருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ரேடியோ நிலையத்தில் வேலை செய்யும் பெண், பெயர் அலிமாத்து. அந்த நாட்டில் பிரெஞ்சு பேசுவார்கள். ஆனால் அவர் நைஜீரியா எல்லையோரம் வளர்ந்தவர், குமுளிப் பக்கத்து ஆட்கள் மலையாளம் பேசுவதைப் போல ஆங்கிலம் பேசினார். ஆடு காணாமல் போனாலும் கல்யாணம் வந்தாலும் பஞ்சு விலை இறங்கினாலும் அவர்கள் ரேடியோவில்தான் சொல்வார்களாம். சாவி சமாச்சாரத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். “அங்கே பொறுக்குகிற பெண்ணோடு நான் பேச முடியுமா?”

முத்துப்பேச்சி மாலை ஏழரைக்கு ஆபீஸுக்கு வந்தார். அங்கே அப்போது மத்தியானம் மூன்று மணி. செருப்பெல்லாம் செம்மண். முகம் வாடியிருந்தது. கணுக்காலுக்கு மேலே ஒரு ரத்தக் கறை. “என்னம்மா அது?” என்றேன். “அட்டை கடிச்சிருச்சு” என்றார். வீரபாண்டியில் ஏது அட்டை என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. போன் இணைப்பு கிடைத்துவிட்டது என்ற பரபரப்பில் இருந்தேன்.

போனை ஸ்பீக்கரில் போட்டேன். அலிமாத்துவைச் சுற்றி ஏழெட்டுப் பஞ்சு எடுக்கும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், பேச்சுச் சத்தமும் ஒரு குழந்தை அழுகையும் கேட்டன. முதலில் நலம் விசாரித்தார்கள். பிள்ளைகள் எத்தனை, மழை உண்டா, உட்கார்ந்து வேலையா நின்றுகொண்டு வேலையா என்றெல்லாம் கேட்டார்கள். நான் மாற்றி மாற்றிச் சொன்னேன். பிறகு அலிமாத்து சொன்னார்: “பஞ்சு அழுக்காக இருக்கிறது என்று ஒவ்வொரு வருடமும் வியாபாரிகள் விலையைக் குறைக்கிறார்கள். என்ன அழுக்கு என்று கேட்டால் சொல்ல மாட்டார்கள். அங்கே எங்கள் பஞ்சில் என்ன வருகிறது என்று அந்த அக்கா சொல்வாரா? ரேடியோவில் சொல்லிவிடுகிறோம்.”

நான் இதைத் தமிழில் சொல்லிவிட்டு, உடனே போனைக் கையால் பொத்திக்கொண்டேன். “யோசிச்சுச் சொல்லுங்கம்மா. நீங்க சொல்றதைக் கேட்டு அவுக சுத்தமா அனுப்ப ஆரம்பிச்சிட்டா, பொறுக்க ஆள் எதுக்குன்னு மில்லுல கேப்பாக. உங்க வேலைக்கே ஆப்பு வச்சுக்கிடுறீக.”

“தெரியும்ணே” என்றார். “கேக்குறாகள்ல, சொல்லாம எப்படி இருக்க?”

ஒவ்வொன்றாகச் சொன்னார். நைலான் சாக்கில் பஞ்சைக் கொட்ட வேண்டாம், நார் பிரிந்து ஒட்டிக்கொள்கிறது. பருத்தித் துணிச் சாக்கு போதும். மூட்டை வாயைக் கட்ட நீலக் கயிறு வேண்டாம். சாயத் துணியை விரித்து அதன் மேல் பஞ்சைக் காயப்போட வேண்டாம், வெள்ளைத் துணி என்றால் நல்லது. களத்தில் கோழியை விட வேண்டாம். முந்தியில் சாவியை முடிந்தால் இரண்டு முடிச்சாகப் போட வேண்டும். கடைசியாகச் சொன்னதை நான் மொழிபெயர்த்ததும் அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு எழுந்தது. நான் இருபத்திரண்டு வருடத்தில் பார்த்த எந்த வர்த்தகப் பேச்சுவார்த்தையிலும் அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டதில்லை.

முத்துப்பேச்சி படியேறி வந்த நாளிலிருந்து கணக்குப் போட்டால், இரண்டாவது கட்டுரையை எழுத எனக்குப் பத்தொன்பது நாள் ஆனது. இன்னொரு மில்லிலும் போய் இரண்டு தட்டு வைத்துப் பொறுக்கச் சொல்லிப் பார்த்தேன். அங்கேயும் அப்படித்தான் இருந்தது. திருப்பூர்க் கம்பெனியிடமும் கேட்டேன். முதல் கட்டுரைக்குப் பேசிய சங்கத்துக்காரரிடமும் திரும்பக் கேட்டேன், ‘பொதுவாகச் சொன்னேன்’ என்றார். அலிமாத்துவிடம் இரண்டு முறை சரிபார்த்தேன். மதுரையில் ஆசிரியர் குழுவோடு சண்டை போட்டேன். “நாமளே நம்ம செய்தி தப்புன்னு கால்பக்கம் போடணுமா?” என்றார்கள். “தப்பைக் கால்பக்கம் போட்டோம்ல, உண்மையையும் அதே எடத்துல போடுங்க” என்றேன். கோபம் ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது அந்த ஒரு தடவைதான். இரண்டு தட்டுகளின் படமும், பாக்குக் கவரைப் பற்றிய என் ஒப்புதலும், முத்துப்பேச்சியும் பெனின் பெண்களும் பேசியதும், எல்லாம் வந்தது.

அலிமாத்துவிடமிருந்து சாவிக்கும் பதில் வந்தது. ரேடியோவில் சொன்னதும் மூன்று பெண்கள் வந்து அது தங்களுடையதுதான் என்றார்களாம். மூன்று பேருமே எப்போதோ பூட்டை உடைத்துவிட்டார்களாம். அதனால் சாவியை முத்துப்பேச்சியே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

கட்டுரை வந்த நாலாம் நாள் மில்லில் முப்பத்திரண்டு பேரையும் திரும்பக் கூப்பிட்டார்கள். பெனின் பஞ்சு மறுபடி வந்தது. குப்பை எல்லாப் பஞ்சிலும் இருக்கிறது, கையால் பொறுக்கினால்தான் சரி என்று திருப்பூர்க்காரர்களே எழுதிக் கொடுத்தார்கள். மெஷின் யோசனையைக் கைவிட்டார்கள். முத்துப்பேச்சிக்கு வேலை நிலைத்தது. அன்றைக்கு நான் வீரபாண்டி போய் அம்மனுக்கு ஒரு மாலை சாத்திவிட்டு வந்தேன். நான் அவ்வளவாகக் கோயிலுக்குப் போகிற ஆள் இல்லை.

அடுத்த பருவத்தில் முத்துப்பேச்சி போன் போட்டார். “அண்ணே, பெனின் பேலு பிரிக்கிறோம், வந்து பாருங்க.” போனேன். பிரித்துப் பரப்பியிருந்தார்கள். நாகஜோதி ஒரு மணி நேரமாகப் பொறுக்கியும் தட்டில் ஒரு கைப்பிடிகூடச் சேரவில்லை. நாகஜோதிக்குக் கலக்கமாக இருந்தது. “இப்படி வெளுத்து அனுப்புனா நமக்கு என்னடி வேலை?” என்று முத்துப்பேச்சியைக் கேட்டார்.

முத்துப்பேச்சி பக்கத்து மேசையிலிருந்த நம் நாட்டுப் பஞ்சில் கைவிட்டு ஒரு பச்சைப் பாக்குக் கவரை எடுத்து எங்களுக்குக் காட்டினார். “இவுக இருக்கிற வரைக்கும் நமக்கு வேலை இருக்கு ஆத்தா, கவலைப்படாத” என்றார். பெனின் மேசைக்கு ஆள் தேவை குறைந்ததும் இந்த மேசைக்குத் தானே கேட்டு வந்துவிட்டாராம். நாற்றமும் அதிகம், கண்வலியும் அதிகம், அதனால் வேறு யாரும் வர மாட்டேன் என்றிருக்கிறார்கள். அவர் இடுப்பில் சாவிக்கொத்து தொங்கியது. வீட்டுச் சாவியோடு அந்தச் சின்னச் சாவியும் இருந்தது.

“எப்படியோ, உங்களைத் திரும்ப இந்த மேசைக்குக் கொண்டுவந்துட்டேன்” என்று கொஞ்சம் பெருமையாகச் சொன்னேன்.

நாகஜோதிக்கு வாய் சும்மா இருக்காது. “கொண்டுவந்தீக. ஆனா மூணு வாரம் ஆக்கிட்டீக, அதுக்குள்ள எங்களுக்கு உசுரு போய் உசுரு வந்துச்சு. இந்தக் கையை வச்சுக்கிட்டு இவ தினம் போடியில ஜீப்பு ஏறுனாள்ல. பின்னால தொங்கிக்கிட்டு. மழை வேற.”

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு எல்லாம் ஒன்றாகப் புரிந்தது. பகலில் கிடைக்காத போன் அதனால்தான், மலையில் டவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் தோதுப்பட்டதும், செருப்பில் ஒட்டியிருந்த செம்மண்ணும், கணுக்காலில் இருந்த அட்டைக் கடியும் அதனால்தான். நான் பத்தொன்பது நாள் நிதானமாக, சரியாக, பொறுப்பாக எழுதிக்கொண்டிருந்த அத்தனை நாளும் அவர் அந்த வளைவைக் கடந்து போய் வந்திருக்கிறார். கம்பியைப் பிடிக்க இரண்டு கை வேண்டும், அவருக்கு ஒரு கைதான் எழும்பும்.

“ஏம்மா சொல்லல?” என்றேன். “ஒரு வார்த்தை சொல்லிருந்தா மறுநாளே எழுதிருப்பேனே.”

முத்துப்பேச்சி பஞ்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு நீள முடியை இழுத்துத் தட்டில் போட்டார்.

“அதுக்குத்தாண்ணே சொல்லல” என்றார். “சொல்லிருந்தா நீங்க பதறிப்போய் அவசரத்துல எழுதிருப்பீக. மொதத் தடவை அவசரத்துல எழுதித்தான இம்புட்டும்.”